விழுந்தால் நிற்க ஓர் இடம்

1971 ஜூன் 6. ஆஃபன்பாக் கிக்கர்ஸ் கழகத்தின் தலைவர் கனேயாஸ் தன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் ஓர் ஒலிநாடாவை ஓடவிட்டார். கால்பந்து ஆட்டக்காரர்கள் தொலைபேசியில் தோற்பதற்கு விலை பேசுகிற குரல்கள். தேசிய அணியின் பயிற்சியாளரும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முந்தைய நாள்தான் ஆஃபன்பாக் ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டெஸ்லீகாவிலிருந்து கீழே போயிருந்தது.

இதைப் பொதுவாகப் பேராசையின் கதையாகத்தான் சொல்வாங்க. எனக்கென்னவோ இதில் பயம்தான் அதிகம் தெரிகிறது. 1963-ல் புண்டெஸ்லீகா தொடங்கியபோது அதற்குக் கீழே இருந்தவை ஐந்து பிராந்திய லீகுகள். விழுந்தால் வருமானம் போச்சு. திரும்பி வரணும்னா பிராந்தியத்தில் முன்னணியில் முடித்து, பிறகு இன்னொரு தகுதிச் சுற்றையும் தாண்டணும். அந்தப் பள்ளத்துக்குப் பயந்தவர்கள் பணத்தை எடுத்தார்கள். விசாரணையில் 50-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தானும் பேரத்தில் இறங்கியிருந்த கனேயாஸும் தப்பவில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை பழக்கமானது. ஒரு பகுதி செயலிழந்தால் மொத்தமும் படுத்துவிடக் கூடாது. பாதி வேகத்திலாவது ஓட வேண்டும். 1974-ல் வந்த இரண்டாம் புண்டெஸ்லீகா அப்படியொரு ஏற்பாடு. வடக்கு, தெற்கு என இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 20 அணிகள். 1981-ல் இரண்டும் ஒன்றாயின. ஜெர்மனி இணைந்ததும் கிழக்கு அணிகளுக்கு இடம் கொடுக்க ஒரே ஒரு பருவம் மறுபடி பிரித்தார்கள். அடுத்த பருவத்தில் 24 அணிகளோடு ஒரே லீக். இப்போது 18. முதல் இரண்டு அணிகள் நேரே மேலே போகும்; மூன்றாவது அணி, புண்டெஸ்லீகாவின் பதினாறாவது அணியோடு மோதும்.

இந்தத் தளம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு கைசர்ஸ்லவுட்டன் சாட்சி. 1996-ல் விழுந்தது, 1997-ல் ஏறியது, 1998-ல் புண்டெஸ்லீகா சாம்பியன். ஏறிய கையோடு பட்டம் வென்ற அணி அங்கே வேறில்லை.

ஹாம்பர்க் கதை வேறு. தொடக்கத்திலிருந்து விழாத ஒரே அணி அது. புண்டெஸ்லீகாவில் கழித்த காலத்தைக் காட்ட அரங்கில் ஒரு கடிகாரமே வைத்திருந்தார்கள். 2018-ல் விழுந்தது. அடுத்த ஆறு பருவங்களில் நான்கு முறை நான்காமிடம், இரண்டு முறை மூன்றாமிடம். ஆனாலும் அரங்கம் காலியாகவில்லை. 2023-24 பருவத்தில் சராசரியாக ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2025-ல் அணி மேலே ஏறியது. கடிகாரத்தை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள்.