இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும்: தெரிந்திருக்க வேண்டியவை

திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலில் பின்னேரங்களில் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவே நடந்து திரியும். கோணேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் நீட்டும் பழத்துக்காகக் கிட்ட வரும். போன மாதம் மூதூரிலிருந்து வந்த என் மாமாவுடன் அங்கே தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது ஒரு மான் வந்து அவரது சாரத்தை முகர்ந்தது. "காட்டில இவ்வளவு கிட்ட இதைக் காண மூண்டு நாள் குந்தியிருக்க வேணும் பிள்ளை" என்றார். 1970களில் இடியன் துவக்கு வைத்திருந்தவர் அவர்.

அவரைத் துவக்கைப் பற்றிப் பேசவைக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அவரது ஊரில் மீள்குடியேறிய ஒருவர், மாடு தேடிப் பற்றைக்குள் போன இடத்தில் கட்டுத்துவக்கு வெடித்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டார். ஷெல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பி வந்த கால் அது. "முதல்ல கண்ணிவெடி எண்டுதான் நினைச்சன்" என்று என்னிடம் சொன்னார். பெயரை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இந்தத் துவக்கு எப்படி வேலை செய்கிறது, எங்கே ஆபத்தாகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பவை காட்டோரம் வாழ்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இடியன் என்றால் என்ன?

இதற்குத் தோட்டா இல்லை. குழலின் வாய் வழியாக முதலில் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் தென்னந்தும்பையோ துணியையோ அடைத்து, பிறகு ஈயக்குண்டையோ சன்னங்களையோ போட்டு, நீண்ட கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். அந்த இடிப்பால்தான் 'இடியன்' என்ற பெயர் வந்தது என்பார் மாமா. பின்பக்கத்தில் உள்ள சிறு முலைக்காம்பில் ஒரு கேப்பை மாட்டி விசையை இழுத்தால் பொறி உள்ளே போய் மருந்து பற்றும். ஒரு வெடி தவறினால் அடுத்த வெடிக்கு மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. மிருகம் அதுவரை நிற்காது. அதனால் இடியன்காரனுக்கு ஒரே வெடிதான். அதைக் கிட்டப் போய்த்தான் வைக்க வேண்டும்.

மாமாவின் விதி இது: "மருந்தைக் கூட்டினா மான் விழாது, உன்ர தோள்தான் விழும்."

எந்த றைபிள், எவ்வளவு மருந்து?

மாமா அனுபவத்தால் சொன்னதையே கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கும் என் மச்சான் அளவுகோலோடு சொன்னார். அங்கே இடியன் றைபிளால் மான் வேட்டையாடுவது சட்டபூர்வமானது. வேட்டைப் பயிற்சி, அனுமதி அட்டை, குறித்த பருவம் எல்லாம் உண்டு. இது அங்குள்ள நிலைமை. இங்கே பொருந்தாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மானுக்கு அங்கே பெரும்பாலானோர் எடுப்பது 50 கலிபர், அதாவது குழல் வாய் அரை அங்குலம் அகலமான றைபிள். குழலின் உட்சுவரில் சுருள்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். உருண்டைக் குண்டுக்கு மெதுவாகச் சுழலும் வரி நல்லது: 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீண்ட கூம்புக் குண்டுக்கு வேகமான வரி வேண்டும்: 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 48 அங்குலம் இரண்டுக்கும் நடுவானது. எந்தக் குண்டு என்று முதலில் முடிவெடுத்துவிட்டுத்தான் றைபிளைத் தேட வேண்டும்.

50 கலிபர் உருண்டைக் குண்டு ஏறத்தாழ 11.5 கிராம். மச்சான் முதல் வருடம் 100 கிறேன், அதாவது 6.5 கிராம் மருந்து போட்டார். தோள் கன்றிப்போனது. அடுத்த வெடிகளில் விசையை இழுக்கும் முன்பே உடம்பு தானாகச் சுருங்கத் தொடங்கியது. குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. பிறகு 50 கிறேனிலிருந்து தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பார்த்தார். 70 கிறேனில், அதாவது நாலரைக் கிராமில், குண்டுகள் ஓரிடத்தில் விழுந்தன. அங்கேயே நிறுத்திக்கொண்டார். அவர் 75 யாருக்கு அப்பால் சுடுவதில்லை.

காரணம் எளியது. உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். கூடுதல் மருந்து குழல் வாயில் தரும் வேகத்தின் பெரும்பகுதி மானிடம் போய்ச் சேருவதற்குள் கரைந்துவிடும். ஆனால் உதை முழுவதும் தோளுக்கு வரும். துவக்கு எவ்வளவு பாரம் குறைந்ததோ உதை அவ்வளவு கூடும். பிறை போல வளைந்த பித்தளை அடிக்கட்டை தோளைக் குத்தும். தட்டையான அகலக் கட்டை உதையைப் பரப்பும்.

ஒப்பிட ஒரு பழைய கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 21 றாத்தல் பாரமான இடியன் றைபிள் ஒன்று வைத்திருந்தார். அதற்கு ஒரு வெடிக்கு 16 டிராம், ஏறத்தாழ 28 கிராம் மருந்து. அது யானைக்கான றைபிள். ஒன்பது கிலோவுக்கு மேற்பட்ட அந்தப் பாரம்தான் உதையைத் தாங்கியது. அந்த ஆசையை மூன்று கிலோ துவக்கில் காட்டினால் தோளெலும்பு தாங்காது.

உயிரைக் காக்கும் விதிகள் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். கரிமருந்து அல்லது அதற்கு மாற்றாகத் தயாரிக்கப்பட்ட மருந்து மட்டுமே. நவீன தோட்டாவுக்குள் இருக்கும் புகையற்ற மருந்தைப் போட்டால் குழல் வெடித்து முகத்தில் அடிக்கும். மருந்துக் குப்பியிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டக்கூடாது. அளவுக்குழலில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். குண்டு மருந்தின் மேல் இடைவெளியின்றி அமர வேண்டும்; இடைவெளி இருந்தால் குழல் வீங்கும், பிளக்கும். கேப் அடித்தும் வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

நாட்டில் திருட்டுத்தனமாகச் செய்யப்படும் துவக்குகளில் இந்த விதிகளுக்கே இடமில்லை. எந்த இரும்பு, எவ்வளவு தாங்கும் என்று யாரும் சோதித்ததில்லை. அதைச் சுடுகிறவரும் அதன் முன்னால் நிற்பவருக்குச் சமமான ஆபத்தில் இருக்கிறார்.

இலங்கைச் சட்டம்

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். கரிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் உண்டு. மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பயிர்க்காவலுக்கு அனுமதி பெற்ற துவக்கு கையில் இருந்தாலும் மானைச் சுட முடியாது. இறைச்சியை விற்பதும் ஏற்றிச் செல்வதும் வழக்காகும்.

மாமாவின் துவக்கு அனுமதிப்பத்திரம் உள்ளது. பன்றிக் காவலுக்கென்று எடுத்தது. மானும் விழுந்ததை அவர் மறைப்பதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் துவக்கு உள்ள வீடு எல்லாத் தரப்புக்கும் சந்தேக வீடானபோது, அதை ஒரு பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தார். ஒப்படைத்த துண்டு அவரிடம் இன்னும் இருக்கிறது. துவக்கு திரும்பி வரவில்லை. பன்றி மட்டும் ஒவ்வொரு போகமும் வருகிறது.

கட்டுத்துவக்கு

காவல் போன இடத்தில்தான் கட்டுத்துவக்கு வந்தது. மிருகத்தின் பாதைக்குக் குறுக்கே நூலோ கம்பியோ இழுத்து, அதில் கால் பட்டால் வெடிக்கும்படி கட்டி வைப்பது. அதன் பின்னால் ஆளில்லை. பன்றியின் நெஞ்சு உயரம் மனிதனுக்கு முழங்கால் உயரம். அதனால்தான் காயம் பெரும்பாலும் காலில். உள்ளே ஈயத்தோடு ஆணித்துண்டும் இரும்புத்துண்டும் இருக்கலாம். மண்ணும் சேர்ந்து காயம் அழுகும்.

கால் இழந்தவர் முறைப்பாடு செய்யத் தயங்கினார். "துவக்கு எண்ட சொல் என்ர பேரோட எழுதுப்பட்டா பிறகு என்ன வரும்?" என்று கேட்டார். போரைக் கடந்து வந்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். ஆனால் காயப்பட்டவர் குற்றவாளி அல்ல. பொறி கட்டியவரே குற்றவாளி. முறைப்பாடு இல்லாவிட்டால் அதே பாதையில் இன்னொரு நூல் கட்டப்படும்.

செய்ய வேண்டியவை

விறகுக்கோ மாடு தேடியோ போகும்போது மிருகத் தடத்தை விட்டு ஆட்கள் புழங்கும் பாதையில் போங்கள். இருட்டில் தனியாகப் போகாதீர்கள். குறுக்கே நூலைக் கண்டால் தொடாதீர்கள், வெட்டாதீர்கள். வந்த தடத்திலேயே பின்வாங்கி, மற்றவர்களுக்குத் தெரியும்படி அடையாளம் வைத்துவிட்டு, கிராம சேவையாளருக்கோ 119க்கோ அறிவியுங்கள்.

வெடி பட்டால் சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் துண்டுகளைப் பிடுங்காதீர்கள். மருந்திலை, சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வைத்தியசாலையில் ஏற்புவலித் தடுப்பூசியைக் கேட்டுப் போடுங்கள். முறைப்பாட்டுக்குத் தனியாகப் போகப் பயமென்றால் கிராம சேவையாளரையோ சட்டத்தரணியையோ கூட்டிப் போங்கள்.

வீட்டில் பழைய துவக்கு கிடந்தால் சோதித்துப் பார்க்காதீர்கள். பல வருடத்துக்கு முன் இடித்த மருந்து இன்னும் உள்ளே இருக்கலாம். அரசு பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கும்போது சட்டத்தரணியின் ஆலோசனையோடு ஒப்படையுங்கள். ஒப்படைத்த துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கோட்டை வாசலில் இருட்டியபோது மாமாவிடம் கேட்டேன், திரும்பத் துவக்குத் தந்தால் வாங்குவீர்களா என்று. "இனி எனக்குக் கண் காணாது பிள்ளை" என்றார். "கண் காணாட்டி வெடி வைக்கக் கூடாது."