தலசீமியா குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ரத்தம்: பெற்றோர் அறிய வேண்டியவை

ஜார்க்கண்ட் மாநிலம் சாய்பாசாவில், ரத்தம் ஏற்றப்பட்டு வந்த தலசீமியா குழந்தை உட்பட 5 குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது 2025 அக்டோபரில் தெரியவந்தது. குஜராத் மாநிலம் ஜூனாகத்தில் 2011-ஆம் ஆண்டு தலசீமியா குழந்தைகள் 23 பேரிடம் இதே தொற்று கண்டறியப்பட்டது. உயிர்காக்கும் சிகிச்சையே தீங்காக மாறாமல் தடுப்பது எப்படி என்ற கேள்வியை இச்சம்பவங்கள் எழுப்பியுள்ளன.

ஆபத்து ஏன் அதிகம்?

பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணுவைப் பெறும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் உண்டாகிறது. உடலால் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க இயலாததால், 2 முதல் 5 வாரங்களுக்கு ஒருமுறை ரத்தச் சிவப்பணுக்கள் ஏற்றப்படுகின்றன. 3 வாரங்களுக்கு ஒருமுறை எனக் கொண்டால், 10 ஆண்டுகளில் 170 முறைக்கு மேல் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். கொடையாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு முறையும் பாதுகாப்பை உறுதி செய்வது அவசியம்.

சோதனையின் எல்லை

தானமாகப் பெறப்படும் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான சோதனை இந்தியாவில் கட்டாயம். எனினும், தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் தானம் செய்யப்பட்ட ரத்தம், சோதனையில் ‘தொற்று இல்லை’ என்றே காட்டக்கூடும். கிருமியின் மரபணுப் பொருளைக் கண்டறியும் ‘நாட்’ சோதனை இந்த இடைவெளியைக் குறைக்கிறது, முற்றிலும் நீக்குவதில்லை. எல்லா ரத்த மையங்களிலும் இவ்வசதி இல்லை. ஆகவே, பணம் பெறாமல் தாமாக முன்வந்து தொடர்ந்து தானம் செய்வோரின் ரத்தமே மிகவும் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, பணத்துக்கு ரத்தம் கொடுக்கும் முறை 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

* முதல் முறை ரத்தம் ஏற்றும் முன்பே, கெல் உள்ளிட்ட துணை ரத்த வகைகளையும் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே ரத்தம் ஏற்றிய பின் இவற்றைக் கண்டறிவது கடினம்.

* வெள்ளையணுக்கள் வடிகட்டப்பட்ட ரத்தத்தைக் கேட்டுப் பெறலாம். இதனால் காய்ச்சல், நடுக்கம் போன்ற விளைவுகள் குறையும்.

* ரத்தம் ஏறும்போது, குறிப்பாக முதல் 15 நிமிடங்களில், காய்ச்சல், நடுக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல், முதுகு வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே செவிலியரிடம் தெரிவித்து ரத்தம் ஏற்றுவதை நிறுத்தச் செய்ய வேண்டும்.

* ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவசியம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் குழந்தைக்குத் தொற்றுச் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

* தொடர்ந்து ரத்தம் ஏற்றுவதால் உடலில் இரும்பு சேர்ந்து இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். ஃபெரிட்டின் அளவைக் கண்காணித்து, மருத்துவர் கூறும் இரும்பு நீக்க மருந்தை இடைவிடாமல் தர வேண்டும்.

* ஒவ்வொரு முறையும் தேதி, ரத்தப் பையின் எண், ரத்த மையத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். பின்னாளில் தொற்று தெரியவந்தால், அந்தக் கொடையாளரையும் அவரது ரத்தத்தைப் பெற்ற பிற குழந்தைகளையும் கண்டறிய இக்குறிப்பு உதவும்.