மலைநாட்டில் யாப்புக் கல்வி

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் உள்ளது அலுவிகாரை. வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பௌத்த மறைநூல்கள், கி. மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தே, அங்கு ஏட்டில் எழுதப்பெற்றன என்பது மரபு. அதுகாறும் அவற்றைக் காத்தது மனனம். அவற்றுட் செய்யுளாய் அமைந்தவற்றுக்கு ஓசையும் காவலாயிற்று. ஓரசை வழுவினும் பயின்ற செவி காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ் யாப்பு நூலாரும் இதனை நன்குணர்ந்திருந்தனர். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை கட்டளைக் கலித்துறையால் இயன்றது. அடி நேரசையில் தொடங்கின் ஒற்று நீக்கி 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் வரல் வேண்டும். ஏடெழுதுவோன் ஓரெழுத்தை விடுவானாயின் கணக்கே பிழையை உரைத்துவிடும். பெண்ணொருத்தியை முன்னிலைப்படுத்தி விதி கூறுவதும், உதாரணப் பாடல்களின் முதற்குறிப்புகளைத் தனிக் காரிகைகளாகத் தொகுத்தளிப்பதும் மாணாக்கன் மறவாமைப் பொருட்டேயாம். நூலே ஆசிரியனாகவும் நிற்க முயன்றது என்க.

எனினும் நூலை விளக்க ஒருவர் வேண்டும். யாழ்ப்பாணத்திற் புலவர் பரம்பரை இருந்தது. 1921இல் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பாலபண்டித, பண்டித பரீட்சைகளை நடத்தியது. மலைநாட்டின் நிலை வேறு. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ் மக்கள் மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலே மாண்டார் பலர். எஞ்சியோர் கொணர்ந்தது காரிகை ஏடன்று. கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியுமே. ஆபிரகாம் ஜோசப் என்பார் கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பற்றி 1869இல் நூலியற்றியபோது அதனைக் கும்மியாகப் பாடினார். கற்றோர் நெறியும் இம்மலைகளில் இல்லாமற் போகவில்லை. கண்டிக் கலம்பகம் பாடிய அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் (1866–1918) அதற்குச் சான்று. ஆயினும் அத்தகையோர் மிகச் சிலரே.

பள்ளிகளில் யாப்பு கசப்பதற்குக் காரணம் மாணாக்கரின் மந்தமன்று. பொருளறியாத வாய்பாடுகளை முதலிற் புகட்டுவதே காரணம். கைக்கெட்டும் சொற்கள் ஊர்தோறும் உள்ளன. தம்புள்ளை என்பதை அலகிடின் தேமாங்காய்; இறத்தோட்டை புளிமாங்காய்; அலுவிகாரை கருவிளங்காய்; உக்குவளை கூவிளங்காய். வெண்பாவுக்குரிய காய்ச்சீர் நான்கும் இம்மாவட்டத்து ஊர்ப்பெயர்களிலேயே அடங்கிவிடுகின்றன! மாத்தளையோ கூவிளம். (அதன் ஈற்றிலுள்ள 'தளை' யாப்பின் தளையன்று என்பதைச் சொல்லாவிடின், குறும்புக்கார மாணவன் ஒருவன் கேட்டே தீர்வான்.)

பொருளுணர்வதற்கும் இப்பயிற்சி வேண்டும். அச்சிட்ட செய்யுளிற் சொற்கள் சீர்க்கேற்ப முறிந்து நிற்கும். சீர் வேறு, சொல் வேறு என்று அறியாதவன் முறிந்த துண்டுக்குப் பொருள் தேடி அலைவான். அலகிட அறிந்தவனோ ஓசைக்காகப் பிரிந்ததைப் பொருளுக்காகச் சேர்த்துக்கொள்வான்.

தளையிலக்கணமே பலருக்கும் அச்சம் தருவது. 'மாத்தளை கண்டி' என விளம் முன் நேர் வந்தால் இயற்சீர் வெண்டளை. 'கண்டி மாத்தளை' என மாற்றினால் மா முன் நேர் வந்து ஆசிரியத்தளை ஆகிவிடும். ஆசிரியப்பாவுக்கு அது உரியது, வெண்பாவுக்கு ஆகாது. இவ்விதியைத் தோட்டத்துப் பெண்கள் ஏட்டிற் கற்றிலர். ஆயினும் இயற்கும்மி என்பது வெண்டளை பயின்ற எழுசீரடிகளால் அமைவது என்பர் யாப்பு நூலார். எழுத்தறியாதார் எனப்பட்ட அப்பெண்கள் வட்டமிட்டுக் கைகொட்டிப் பாடியதும் கும்மியே.