சந்தாக் காசின் மாண்பு

ஓர் இயக்கத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் கொள்கை ஏட்டைப் படித்தால் மட்டும் போதாது. கணக்கேட்டையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்பதே அவ்வியக்கம் யாருடையது என்பதைப் பல வேளைகளில் சொல்லிவிடுகிறது. நம் பங்குகளில் இளைஞர் இயக்கங்கள் ஆர்வத்தோடு தோன்றிச் சில ஆண்டுகளிலேயே சோர்ந்துவிடுவதைக் கண்டு வருந்தும் நாம், இக்கோணத்திலும் சற்றே சிந்திப்போம்.

பெல்ஜிய நாட்டில் 1882-ல் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் ஜோசப் கர்தைன். குருமடத்தில் பயின்ற நாள்களில், ஆலை வேலைக்குச் சென்ற தம் தோழர்கள் திருச்சபையை விட்டு அகன்றதைக் கண்டு கலங்கினார். 1903-ல் தந்தை இறந்தபோது, உழைக்கும் மக்களுக்கே தம் குருத்துவத்தை அர்ப்பணிப்பதென உறுதி பூண்டார். 1925-ல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறையாக உருப்பெற்றது. அவ்வாண்டிலேயே திருத்தந்தை 11-ஆம் பத்திநாதரின் ஆதரவையும் அடைந்தது. ‘பார்த்தல், தீர்ப்பிடுதல், செயல்படுதல்’ என்னும் அதன் முறையைத் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1961-ல் தம் சமூகச் சுற்றுமடலில் ஏற்றுப் போற்றினார்.

இம்முறையை நம்மில் பலர் அறிவர்; இயக்கத்தின் பொருளாதார வழியை அறிந்தோர் சிலரே. குறைந்த கூலி பெற்ற இளைஞர்களே சந்தா செலுத்தினர்; இயக்கத்தின் இதழைத் தாங்களே விற்றனர். தம் வியர்வையின் ஒரு துளி அதில் கலந்திருந்ததால், ‘இது எங்கள் இயக்கம்’ என்று அவர்களால் தலைநிமிர்ந்து கூற முடிந்தது.

இதனால் பெருங்கொடையைப் பழிப்பதற்கில்லை. சென்னையில் 1890-ல் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கப்பெற்றது. எஸ்பிளனேடு பகுதியில் அதற்கெனக் கட்டிடம் எழுப்ப, அமெரிக்க வணிகர் ஜான் வனமேக்கர் பெரும்பொருள் ஈந்தார். கட்டிடத்துக்குக் கொடையாளர் வேண்டும். இயக்கத்தின் அன்றாட மூச்சுக்கோ உறுப்பினரின் காசு வேண்டும். முன்னது பின்னதன் இடத்தைப் பிடித்துக்கொண்டால், கொடை நிற்கும் நாளில் இயக்கமும் நின்றுவிடும்.

இக்கேள்வி நம் தாம்பரத்துக்கும் புதியதன்று. 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய பன்னாட்டு மறைபரப்பு மன்றத்தின் மாநாடு, இளம் சபைகளின் பொருளாதார அடித்தளத்தை விரிவாக ஆராய்ந்தது. அயல்நாட்டுப் பணத்தில் வாழும் சபை எவ்வாறு தன் காலில் நிற்கும் என்று அன்று சீர்திருத்த சபையினர் வினவினர். நம் இளைஞர் இயக்கங்களைக் குறித்து நாமும் அவ்வாறே வினவுதல் தகும்.

1984-ல் தாம்பரம் சானடோரியத்தை அடுத்து ஏற்றுமதி மண்டலம் அமைந்தபின், ‘மெப்ஸ்’ ஆலைகளை நாடித் தென்மாவட்டங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்களும் வந்தனர். வாடகை, உணவு, ஊருக்கு அனுப்பும் தொகை ஆகியவை போக மிஞ்சுவது சொற்பமே. அவர்களிடம் சந்தா கேட்கலாமா என்று நாம் தயங்குகிறோம். ஆனால் கர்தைன் சந்தித்தவர்களும் இத்தகையோரே. ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை நம் ஆண்டவர் வேண்டாமென மறுக்கவில்லை. அதன் மாண்பை எடுத்துக்காட்டினார்.

ஆகவே, சந்தா சிறிதாயினும் இளைஞரிடமிருந்தே வரட்டும். வரவு செலவை அவர்களே எழுதி, மாதந்தோறும் அனைவர் முன்னும் படிக்கட்டும். பெரியோராகிய நாம் அதற்குத் துணை நிற்போம். பங்குப் பேரவை ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கலாம். அன்பியங்கள் பிடி அரிசி சேர்த்து, பயிற்சி முகாமின் உணவுச் செலவை ஏற்கலாம். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் கணக்கெழுதக் கற்றுத்தரலாம். பணிமுறை முடித்து இரவில் வருவோர் கூடுவதற்கு ஓர் அறையும் மின்விளக்கும் அளிப்பதும் கொடையே. வெளிநாட்டு உதவியை நாடுவோர், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இன்றி அதைப் பெறலாகாது என்பதையும் மனத்தில் கொள்க.

நாம் கொடுப்பது அவர்களைத் தாங்கட்டும். அவர்கள் கொடுப்பதே இயக்கத்தை அவர்களுடையதாக்கும்.