கருத்தாய்வுச் சோர்வு: பாரம் நிரப்பிச் சலித்தவர்கள்

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், பணியாளர்கள் படிக்காமலேயே நடுக்கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இதுதான் கருத்தாய்வுச் சோர்வு. கட்டுமானத் தொழில்நுட்பக் குழுக்களில் இது வெறும் சலிப்போடு நிற்பதில்லை. சாரம் ஆடுகிறது என்று எழுத வேண்டியவர் ‘திருப்தி’ என்று குறித்தால், ஆபத்து தாளில் மறைந்துவிடும். மண்சரிவுக்குப் பேர்போன கேமரன் மலையில் தடுப்புச்சுவர் கட்டுவோருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

சோர்வுக்குக் கேள்விகளின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. போன பாரம் என்ன ஆனது என்று தெரியாததே பெரிய காரணம். அன்று தேயிலைத் தோட்டங்களில் காலைப் பெரட்டில் கங்காணியிடம் குறை சொன்னவருக்கு, நடந்ததா இல்லையா என்பதை நேரிலேயே கேட்டறிய வாய்ப்பிருந்தது. (எல்லாரும் துணிந்து வாய் திறந்தார்கள் என்று சொல்வதற்கில்லை.)

ஆகவே, புதிய பாரம் கொடுக்குமுன் பழைய பதில்களால் எது மாறியது, எது முடியவில்லை, ஏன் என்று அறிவிக்க வேண்டும். பல பிரிவுகள் தனித்தனியே கேட்பதை ஒன்றாக்கலாம். வேலை நேரத்திலேயே, அவரவர் மொழியில் நிரப்பவிட வேண்டும்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமரும் பாதுகாப்புக் குழு கட்டாயம். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அங்கே நேரில் கேட்கக்கூடியதற்குப் பாரம் எதற்கு?

சிறிய குழுக்களில் இன்னொரு சிக்கல். நான்கே பேர் உள்ள இடத்தில், பெயர் எழுதாத பாரமும் கையெழுத்திட்டதற்குச் சமம். அவர்களின் பதில்களை வேறு குழுக்களோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.