வங்கதேசப் போரும் நிக்சன் அரசும்

1971-இல் கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து வங்கதேசமானபோது, அமெரிக்க அதிபர் ரிச்சர்டு நிக்சன் பாகிஸ்தான் பக்கம் நின்ற கொள்கையும் அதன் விளைவுகளும் பற்றியது இப்பதிவு.

பாகிஸ்தானுக்கு அமெரிக்கப் படைக்கலங்கள் வரத் தொடங்கியது 1954 ஒப்பந்தத்தால். 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போது அதிபர் ஜான்சன் இரு நாடுகளுக்கும் ஆயுதத் தடை விதித்தார். 1970 அக்டோபரில் நிக்சன், ‘ஒரு முறை மட்டும்’ என்று பாகிஸ்தானுக்கு அதைத் தளர்த்தினார்.

சீனாவோடு உறவு தொடங்க நிக்சனுக்குத் தூதாள் தேவைப்பட்டது. 1969 ஆகஸ்டில் லாகூர் சென்றபோது பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவ ஒடுக்குமுறை தொடங்கியதும், அங்கிருந்த துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் படுகொலைச் செய்திகளைத் தொடர்ந்து அனுப்பினார். அரசின் மௌனத்தைக் கண்டித்து அமெரிக்க அலுவலர்கள் 20 பேர் ஒப்பமிட்ட தந்தி, அவர் ஆதரவுடன் ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனுக்குப் போனது. பிளட் விரைவிலேயே டாக்காவிலிருந்து மாற்றப்பட்டார். ஏப்ரல் 28-இல், யாஹ்யாவை இப்போது நெருக்க வேண்டாம் என்று நிக்சன் ஒரு குறிப்பாணையின் அடியில் கைப்பட எழுதினார். ‘வேண்டாம்’ என்பதற்குக் கீழே மூன்று கோடுகள்.

ஜூலையில் இஸ்லாமாபாத் வந்த நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சருக்கு வயிற்றுக் கோளாறு, மலைவாசத்தலமான நதியாகலியில் ஓய்வெடுக்கிறார் என்று செய்தி பரப்பப்பட்டது. உண்மையில் ஜூலை 9 அதிகாலை பாகிஸ்தான் பயணிகள் விமானத்தில் அவர் பீக்கிங் போய்விட்டார். அதே மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில், பாகிஸ்தானுக்கு ஆயுதம் போவதை எதிர்த்து, ‘பத்மா’ என்ற பாகிஸ்தான் சரக்குக் கப்பலைச் சிறு துடுப்புப் படகுகளில் சென்று சிலர் மறித்தனர். காவலர்கள் அவர்களை அப்புறப்படுத்த, கப்பல் சரக்கேற்றிக்கொண்டு சென்றது.

அகதிகள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்து சேர்ந்த இந்தியா, ஆகஸ்டு 9 அன்று சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு உடன்பாடு செய்துகொண்டது. டிசம்பரில் போர் மூண்டதும் நிக்சன் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கியை வங்கக் கடலுக்கு அனுப்பினார். அமெரிக்கரை மீட்க என்று அப்போது சொல்லப்பட்டது. மேற்குப் பாகிஸ்தானைத் தாக்காதபடி இந்தியாவைத் தடுக்கவே என்று கிஸிஞ்சர் பின்னாளில் எழுதினார். இந்தியாவுக்கு அப்படியொரு திட்டம் இருந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. டிசம்பர் 16-இல் டாக்கா வீழ்ந்தது; அதில் அக்கப்பலுக்கு எப்பங்கும் இல்லை. மாண்டவர் தொகையை வங்கதேச அரசு 30 லட்சம் என்கிறது. ஆய்வாளர் சிலரின் மதிப்பீடு மிகக் குறைவு.

அமெரிக்கா 1972 ஏப்ரல் 4-இல் வங்கதேசத்தை ஏற்றது. வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் பொருள் விற்றதைக் காரணம் காட்டி 1974-இல் உணவுதவியை நிறுத்திவைத்தது. அவ்வாண்டுப் பஞ்சத்தை இது எவ்வளவு கடுமையாக்கியது என்பது விவாதத்துக்குரியது.

நிக்சன் கால ஆவணங்களின் தொகுதியை அமெரிக்க வெளியுறவுத் துறை 2005-இல் வெளியிட்டது. 1971 கொலைகளை இனப்படுகொலையாக அறிவிக்கக் கோரும் தீர்மானம் 2022-இல் அமெரிக்கக் கீழவையில் முன்மொழியப்பட்டு, நிறைவேறாமல் காலாவதியானது.