சந்தாவில் வந்த விளையாட்டுகள்

சிற்றிதழ் வாசகர்களுக்குச் சந்தா என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுச் சந்தா கட்டி, இதழ் நின்றுபோய், வந்த நாலு இதழ்களை மட்டும் பரணில் ஏற்றி வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். ஆனால் அந்த நாலு இதழ்கள் இருக்கின்றன. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை வெளிவந்தது. அதன் வாசகர் வட்டம் எந்நாளும் சிறியதுதான். இருந்தும் இன்று ஒரு ஆய்வாளர் அதைத் தேடிப் படிக்க முடிகிறதென்றால், வாங்கியவர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததே காரணம்.

இந்த ஏற்பாடு தலைகீழாகிப் போன துறை ஒன்று உண்டு. வீடியோ விளையாட்டுகளைக் கம்பி வழியாக வீட்டுக்கு அனுப்பி அதற்குச் சந்தா வாங்கும் வழக்கம் இணையத்தோடு வந்தது என்றே பலரும் நினைக்கிறோம். வீடுகளுக்குள் இணையம் நுழைவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது. தொடங்கிய நாள் முதலே அதில் சந்தாதாரர் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

1981இல் அமெரிக்காவில் மேட்டல் நிறுவனமும் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனமும் சேர்ந்து 'பிளேகேபிள்' என்ற சேவையை நடத்தின. மேட்டலின் இன்டெலிவிஷன் பெட்டியில் கேசட் செருகும் இடத்தில் ஒரு இணைப்புக் கருவியைச் செருகி, அதில் கேபிள் டிவி கம்பியை மாட்ட வேண்டும். (கார்ட்ரிட்ஜ் என்பது சரியான பெயர். திருச்சியில் நாங்கள் கேசட் என்றே சொல்லி வளர்ந்தோம், இங்கும் அப்படியே சொல்கிறேன்.) மாதத்துக்குச் சுமார் இருபது விளையாட்டுகள் அந்தக் கம்பியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டியதைப் பிடித்து விளையாடலாம். புதிய விளையாட்டுகள் பெரிதாகிக்கொண்டே போக, கருவியின் சிறிய நினைவகத்தில் அவை அடங்கவில்லை. 1983இல் சேவை முடிந்தது.

அதே 1983இல் வந்த 'கேம்லைன்' கதை இதைவிடச் சுவையானது. அதற்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் வான் மெய்ஸ்டர். யோசனைக்குக் குறைவில்லாதவர், கணக்கு வழக்கில்தான் தகராறு. வீட்டுக் கணினிகளுக்குச் செய்தியும் தகவலும் தரும் 'தி சோர்ஸ்' சேவையை 1970களின் இறுதியிலேயே தொடங்கியவர். அடுத்து, பாட்டுகளைச் செயற்கைக்கோள் வழியாக வீடுகளுக்கு அனுப்பத் திட்டமிட்டார். இசைத்தட்டு விற்பவர்கள் எதிர்த்ததால் வார்னர் நிறுவனம் பின்வாங்கியது. பாட்டுக்குப் பதில் விளையாட்டை அனுப்பலாம் என்ற திருப்பம் அங்கே நேர்ந்தது.

அவருடைய கன்ட்ரோல் வீடியோ கார்ப்பரேஷன் செய்த கருவி, அட்டாரி 2600 பெட்டியில் செருகும் பெரிய கேசட் போலிருக்கும். அதிலிருந்து ஒரு வயர் தொலைபேசிக்குப் போகும். உள்ளே ஒரு மோடம். விலை சுமார் 50 டாலர், உறுப்பினராக 15 டாலர், பிறகு ஏறத்தாழ ஒரு டாலருக்குச் சில ஆட்டங்கள். அக்கால அட்டாரி விளையாட்டுகளில் பெரும்பாலானவை 4 அல்லது 8 கிலோபைட்தான். வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் வந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். இன்று நாம் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குள் அப்படிப்பட்ட சில நூறு விளையாட்டுகள் அடங்கும்.

தொழில்நுட்பம் வேலை செய்தது. சரக்குதான் கிடைக்கவில்லை. அட்டாரி, ஆக்டிவிஷன், கொலிகோ போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் விளையாட்டுகளைத் தர மறுத்தன. மக்கள் கேட்ட விளையாட்டுகள் பட்டியலில் இல்லை. அதோடு 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்தது. அட்டாரிக்கு மட்டும் அந்த ஆண்டில் 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். லாஸ் வேகாஸ் கண்காட்சியில் வெப்பக் காற்று பலூன் பறக்கவிட்டு அறிமுகமான கேம்லைன் கடனில் விழுந்தது.

ஆனால் அதன் மோடமும் ஆட்களும் மிஞ்சினார்கள். ஜிம் கிம்சி, மார்க் செரிஃப், விளம்பரப் பணிக்கு வந்த ஸ்டீவ் கேஸ் என்ற இளைஞர் ஆகியோர் 1985இல் குவாண்டம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்று புது நிறுவனம் கண்டார்கள். வான் மெய்ஸ்டருக்கு அதில் இடமில்லை. காமடோர் 64 கணினிக்காரர்களுக்குச் சேவை தந்த அந்த நிறுவனமே பிற்பாடு அமெரிக்கா ஆன்லைன் ஆனது. 1990களில் லட்சக்கணக்கான அமெரிக்க வீடுகளை இணைய உலகுக்கு அழைத்து வந்த நிறுவனத்தின் வேர், விலைபோகாத ஒரு விளையாட்டுக் கேசட்டில் இருக்கிறது. வான் மெய்ஸ்டர் 1995இல் மறைந்தார்.

இந்த இடத்தில் ஒரு முரண்நகை உண்டு. விற்காமல் தேங்கிய கேசட்டுகளை அட்டாரி 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகார்டோ குப்பைக் கிடங்கில் கொட்டி மூடியது. 2014இல் அதைத் தோண்டினார்கள். சுமார் 1,300 கேசட்டுகள் வெளியே வந்தன. சில அருங்காட்சியகங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. குப்பையில் புதைத்த சரக்கு முப்பது ஆண்டு கழித்துக் கைக்கு வந்தது. கேம்லைனில் காசு கொடுத்து இறக்கிய ஆட்டம், பெட்டியை அணைத்த அன்றே போய்விட்டது.

இந்த வகைச் சேவைகளில் ஓரளவு வெற்றி கண்டது 'சேகா சேனல்'. டைம் வார்னர், டிசிஐ ஆகிய கேபிள் நிறுவனங்களோடு சேகா நிறுவனம் சேர்ந்து 1994 டிசம்பரில் தொடங்கியது. மாதம் சுமார் 15 டாலர். ஐம்பது விளையாட்டுகள் வரை. பட்டியல் மாதந்தோறும் மாறும். கோயில் தேர் வீதி சுற்றுவது போல எல்லா விளையாட்டுகளும் கம்பியில் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் வாசலுக்கு வரும்போது கும்பிட்டுக்கொள்வது போல, கேட்ட விளையாட்டு வரும்போது கருவி அதை 4 மெகாபைட் நினைவகத்தில் பிடித்துக்கொள்ளும். கம்பியில் இரைச்சல் இருந்தால் விளையாட்டு பழுதாகிவிடும். ஆகவே கேபிள்காரர்கள் தங்கள் கம்பிகளைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. பிறகு அதே கம்பிகளில் இணையம் வந்தபோது அந்த வேலை பயன்பட்டது என்பார்கள். உச்சத்தில் இரண்டரை லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். 1998 ஜூலையில் சேவை நின்றது.

மின்சாரத்தை அணைத்தால் அந்த நினைவகம் வெறுமையாகிவிடும். அடுத்த முறை மீண்டும் இறக்க வேண்டும். சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் மின்வெட்டு இருந்த 2012இல் இப்படியொரு சேவை திருச்சிக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு ஆட்டத்தையும் எவரும் முடித்திருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் பாலக்கரையில் வழக்கம் வேறாக இருந்தது. சகாய மாதா கோயிலைச் சுற்றிய தெருக்களில் படக் கேசட் வாடகைக்கு விடும் கடைகளிலேயே டிவி கேம் பெட்டியும் கிடைக்கும். முன்பணம் கட்டி ஒரு நாளைக்கு எடுத்து வரலாம். பெரும்பாலும் ஜப்பானியப் பெட்டியின் நகல்கள்; கேசட்டுகளும் நகல்களே. வேலை செய்யவில்லையென்றால் கழற்றி அடியில் ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். ஒரு கேசட் தெருவில் பத்து வீடு சுற்றும். சட்டப்படி அதில் எதுவும் சரியில்லை. ஆனால் அவற்றில் சில இன்னும் எங்கோ அட்டைப் பெட்டிகளில் கிடக்கின்றன, செருகினால் ஓடவும் கூடும்.

இந்தியாவில் சந்தா முறை வந்தது அகலப்பட்டை இணையத்தோடு. பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் தன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அன்றைய தொடக்க வேகம் வினாடிக்கு 256 கிலோபிட். மாத அளவு தீர்ந்துவிடும் என்ற பயத்தில், கணக்கில் சேராத இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரையான நேரத்துக்குக் காத்திருந்து இறக்கிய தலைமுறை ஒன்று உண்டு. அந்த வேகத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 690 மெகாபைட், அதாவது ஒரு குறுவட்டு. விடியற்காலையில் கணினியின் விசிறிச் சத்தம் கேட்டு விழிக்காத பெற்றோர் அன்று பாலக்கரையில் குறைவு.

அந்தச் சூழலில் மும்பையின் இந்தியாகேம்ஸ் நிறுவனம் 'கேம்ஸ் ஆன் டிமாண்ட்' என்ற மாதச் சந்தாச் சேவையை பிஎஸ்என்எல் உள்ளிட்ட இணைய நிறுவனங்களின் வழியாக நடத்தியது. விஷால் கோண்டல் 1999இல் தொடங்கிய நிறுவனம் அது. கடையில் பெட்டியாக வாங்கினால் பல நூறு ரூபாய் ஆகும் கணினி விளையாட்டுகளைச் சிறு சந்தாவுக்கு இறக்கி விளையாடலாம். நகல் குறுவட்டே வழக்கமாயிருந்த ஊரில், காசு கொடுத்து முறையாக விளையாட முதன்முதலாக ஒரு மலிவான வழி கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2007இல் யுடிவி இந்தியாகேம்ஸின் பெரும்பங்கை வாங்கியது; 2012இல் யுடிவியே டிஸ்னியின் கைக்குப் போனது. அந்தச் சேவை இன்று இல்லை. சந்தா கட்டியவர்களின் கணினியில் ஓடக்கூடியதாக எதுவும் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் சந்தா உயிரோடிருந்தால்தான் விளையாட்டு திறக்கும்.

இது ஒரு சேவையின் குறை மட்டுமல்ல. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைக்காதவை என்று அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தரலாமா என்று கேட்ட விலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. சில விளையாட்டுகள் வட அமெரிக்காவில் சேகா சேனலில் மட்டுமே வந்தன. அவற்றில் 'பல்ஸ்மேன்', 'ஏலியன் சோல்ஜர்' போன்றவை தப்பியதற்குக் காரணம், வேறு நாடுகளில் அவை கேசட்டாக விற்றதுதான்.

கேசட்டாகவே வராதவற்றின் கதியை ஜப்பானில் பார்க்கலாம். நின்டெண்டோ 1995 ஏப்ரலில் 'சாட்டிலாவியூ' என்ற கருவியைக் கொண்டுவந்தது. செயின்ட் கிகா என்ற செயற்கைக்கோள் வானொலி வழியாக விளையாட்டுகள் இறங்கும். நல்லவேளையாக, அவற்றைச் சேமிக்க 8 மெகாபிட் நினைவட்டை ஒன்று இருந்தது. மின்சாரம் போனாலும் அதில் இருப்பது அழியாது. 1995 ஆகஸ்டில் நான்கு வாரங்கள் 'செல்டா' கதையைத் தொடராக ஒலிபரப்பினார்கள். குறித்த மணிக்கு எல்லோரும் பெட்டி முன் உட்கார வேண்டும். நடிகர்கள் பேசும் குரல் வானொலியில் வரும். அதற்கேற்ப விளையாட்டுக்குள் நிகழ்ச்சிகள் நடக்கும். வானொலி நாடகமும் விளையாட்டும் கலந்த வடிவம் அது.

சேவை 2000 ஜூன் 30இல் நின்றது. பிறகு ரசிகர்கள் பழைய நினைவட்டைகளை விலைக்கு வாங்கி, ஒவ்வொன்றாக உள்ளே என்ன எஞ்சியிருக்கிறது என்று படித்துப் பார்த்தார்கள். செல்டா அப்படித்தான் மீண்டது. குரல்கள் அட்டையில் பதிவாவதில்லை. அன்று யாரோ தற்செயலாக வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருந்த அளவுக்கே அவை கிடைத்திருக்கின்றன.